இருபதில் ஒன்று: 0.05 பிறந்த கதை

மருத்துவம், உளவியல், வேளாண்மை என்று எந்தத் துறையின் ஆய்விதழைப் புரட்டினாலும் அட்டவணைகளில் சில எண்களுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அடியில் பொடி எழுத்தில் அதற்கு விளக்கம்: பி < 0.05. குறி விழுந்துவிட்டால் மருந்து வேலை செய்தது, கட்டுரை அச்சேறும், ஆய்வாளருக்குப் பதவி உயர்வு வரும். விழாவிட்டால் அந்த உழைப்பு பெரும்பாலும் மேசை இழுப்பறையோடு முடிந்துவிடும்.

இந்த 0.05 ஒளியின் வேகத்தைப் போல இயற்கையில் இருந்து அளந்து எடுத்த எண் அல்ல. ஒரு மனிதர் வேலை வசதிக்காக வைத்துக்கொண்ட எல்லை. வைத்தவர் யார், எந்த ஊரில், எந்த ஆண்டில் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. அதோடு சேர்த்து அவர் சொன்ன நிபந்தனையும் பதிவாகியிருக்கிறது. எண் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. நிபந்தனை பிறந்த ஊரிலேயே தங்கிவிட்டது. இந்தக் கதையில் என் மனத்தை உறுத்துவது அதுதான்.

லண்டனுக்கு வடக்கே ஹார்ட்ஃபோர்டுஷயரில் ஹார்ப்பென்டன் என்று ஓர் ஊர். சூப்பர் பாஸ்பேட் உரம் தயாரித்துப் பெரும் செல்வம் சேர்த்த ஜான் பென்னட் லாஸ், வேதியியலாளர் ஜோசப் ஹென்றி கில்பர்ட்டைச் சேர்த்துக்கொண்டு 1843-இல் அங்கே ராதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையைத் தொடங்கினார். அந்த ஆண்டு பிராட்பாக் வயலில் விதைத்த கோதுமைப் பரிசோதனை இன்றும் தொடர்கிறது. ஒரு துண்டுக்குத் தொழுவுரம், இன்னொன்றுக்கு ரசாயன உரம், மற்றொன்றுக்கு எதுவுமே கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் மகசூலை நிறுத்து ஏட்டில் ஏற்றினார்கள். எழுபது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்துபோன அந்த ஏடுகளிலிருந்து ஏதாவது தேறுமா என்று பார்க்க, 1919-இல் பண்ணையின் இயக்குநர் ஜான் ரசல் ஒருவரைத் தற்காலிக வேலைக்கு எடுத்தார். அவர் பெயர் ரொனால்ட் ஃபிஷர். வயது 29. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். பார்வைக் குறைபாட்டால் முதல் உலகப் போரில் ராணுவம் அவரை ஏற்கவில்லை. போர்க் காலத்தைப் பள்ளி ஆசிரியராகக் கழித்தார். அந்நாளில் புள்ளியியலின் பெரிய தலையாக இருந்த கார்ல் பியர்சன் தன் ஆய்வகத்தில் இடம் தருவதாக அழைத்தும், அதை விட்டுவிட்டுப் பண்ணைக்கு வந்தார்.

ஏடுகள் எழுப்பிய கேள்வி எந்த விவசாயிக்கும் பழக்கமானது. உரம் போட்ட துண்டில் கூடுதலாக விளைந்திருக்கிறது, சரி. அது உரத்தால் வந்த விளைச்சலா, அந்த மூலையில் மண்ணே நல்ல மண்ணா, மழைநீர் அந்தப் பக்கம் கொஞ்சம் தங்கியதா? ஒரே உரம் போட்ட இரண்டு துண்டுகள்கூட ஒரே அளவு விளைவதில்லையே. ஃபிஷர் சொன்ன வழி இது: ஒரே உரத்தைப் பல துண்டுகளில் போடு. எந்தத் துண்டுக்கு எது என்பதை உன் விருப்பத்துக்கு விடாதே, சீட்டுக் குலுக்கிப் போடு. அறுவடை முடிந்ததும் ஒரு பேச்சுக்கு, உரம் எதையுமே செய்யவில்லை என்று வைத்துக்கொள். அப்படியிருந்தும் இவ்வளவு வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ தற்செயலாகத் தோன்ற எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடு. வரும் விடைதான் பி மதிப்பு.

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும்; பின்னால் வரும் தவறுகளில் பாதி இந்த இடத்தில்தான் முளைத்தது. பி மதிப்பு 0.03 என்றால், உரம் பயனற்றதாக இருக்க 3 சதவீதம்தான் வாய்ப்பு என்று பொருளல்ல. உரம் பயனற்றது என்று முதலிலேயே வைத்துக்கொண்டுதான் கணக்கே தொடங்குகிறது. பயனற்ற உரத்திலும் இப்படி ஒரு வித்தியாசம் நூறில் மூன்று முறை வரலாம் என்பது மட்டுமே அந்த எண் சொல்லும் செய்தி. உரம் எவ்வளவு பயன்தரும், வாங்கும் விலைக்குக் கட்டுப்படியாகுமா என்பதைப் பற்றி அது வாயே திறக்காது.

ராதம்ஸ்டெட்டில் நடந்த ஒரு தேநீர்க் கதையை வைத்தே ஃபிஷர் இதைப் பின்னாளில் விளக்கினார். கோப்பையில் முதலில் பால் ஊற்றினார்களா, தேநீர் ஊற்றினார்களா என்பதைக் குடித்தே சொல்லிவிட முடியும் என்றார் பாசிகளை ஆராய்ந்த மியூரியல் பிரிஸ்டல். சோதித்துவிடலாமே என்று யோசனை பிறந்தது. நான்கு கோப்பை ஒரு விதம், நான்கு இன்னொரு விதம். வரிசையைக் குலுக்கி எட்டையும் நீட்ட வேண்டும். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. சுவை தெரியாதவர் குத்துமதிப்பாகச் சொன்னால் எல்லாமே சரியாக அமைவது எழுபதில் ஒரு முறை, அதாவது 1.4 சதவீதம். நான்கில் மூன்றைச் சரியாகச் சொல்வதோ அதைவிட நன்றாகச் சொல்வதோ எழுபதில் 17 முறை தானாகவே நடந்துவிடும். அதை வைத்து யாரையும் மெச்ச முடியாது. கோப்பைகளை ஆறாகக் குறைத்தால் வழிகள் 20. எல்லாம் சரியாக வந்தாலும் வாய்ப்பு இருபதில் ஒன்று. பரிசோதனைக்கு முன்பே, எது வந்தால் எதை நம்புவது என்று வகுத்துவிட வேண்டும் என்பதுதான் இந்தக் கதையின் உயிர்.

சரி, அந்த இருபதில் ஒன்று எங்கிருந்து வந்தது? அதன் வேர் வானியலில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வானியலாளர்கள் தங்கள் அளவீடுகளில் சரிபாதி பிழைகள் எந்த எல்லைக்குள் விழுகின்றனவோ அதை ஓர் அலகாக வைத்திருந்தார்கள். அந்த அலகைப்போல் மூன்று மடங்கு தள்ளி ஓர் அளவீடு நின்றால் கவனித்துப் பார்க்க வேண்டியது என்ற வழக்கம் மெல்லப் பரவியது. டப்ளின் கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்த வில்லியம் கொசெட் 1908-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையிலும், பெரும்பாலான காரியங்களுக்கு அந்த மூன்று மடங்கு போதும் என்றே எழுதினார். அந்த மூன்று மடங்கைத் திட்டவிலக்கத்தில் சொன்னால் ஏறத்தாழ 2. வாய்ப்பாகச் சொன்னால் 4.3 சதவீதம்.

கொசெட்டைத் தாண்டி ஓட எனக்கு மனம் வரவில்லை. ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிடக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. அதனால் ‘மாணவன்’ என்று பொருள்படும் ஸ்டூடன்ட் என்ற புனைபெயரில் எழுதினார். இன்று கல்லூரிகளில் கற்பிக்கும் டி சோதனை அவருடையது. பார்லியும் ஹாப்ஸும் வாங்கிக் காய்ச்சி விற்கும் நிறுவனத்தின் ஆளாக அவர் 1905-இல் பியர்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். எவ்வளவு உறுதி வேண்டும் என்பது, முடிவை நம்பிச் செயல்பட்டால் வரும் லாபம், புதிய முறைக்கு ஆகும் கூடுதல் செலவு, பரிசோதனைக்கே ஆகும் செலவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது என்பது அதன் சாரம். உயிருக்குப் போராடுபவருக்கான மருந்துக்கும் பிஸ்கெட்டின் சுவைக்கும் ஒரே எல்லைக்கோடு எப்படிப் பொருந்தும்? 0.05 பிறப்பதற்கு இருபது ஆண்டுகள் முன்பே சரியான கேள்வியைக் கேட்டவர் அவர். பிறகு வந்தவர்கள் அவருடைய சூத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

1925-இல் ஃபிஷர், ஆய்வாளர்களுக்கான புள்ளியியல் முறைகளைச் சொல்லும் கைநூல் ஒன்றை எடின்பரோவின் ஆலிவர் அண்ட் பாய்ட் பதிப்பகம் வழியாகக் கொண்டுவந்தார். கணிதம் அதிகம் தெரியாத உயிரியலாளருக்கும் வேளாண் ஆய்வாளருக்குமான புத்தகம். அதில்தான் அந்த வரி வருகிறது: இருபதில் ஒன்று என்ற வாய்ப்புக்கு உரிய விலகல் 1.96, அதாவது கிட்டத்தட்ட 2 திட்டவிலக்கம். இதை எல்லையாக வைத்துக்கொள்வது வசதியாக இருக்கிறது. பெரிய நிரூபணம் எதுவும் அங்கே இல்லை. வசதி என்பதுதான் காரணம்.

ஆனாலும் ஒரு வரி உலகை ஆளாது. ஆண்டது புத்தகத்தின் அட்டவணைகள். முன்பு பியர்சன் குழுவினர் வெளியிட்ட அட்டவணைகளில், கிடைத்த அளவுக்கு நேராக அதன் சரியான நிகழ்தகவைப் பார்த்துக்கொள்ளலாம். அவற்றுக்குப் பதிப்புரிமை இருந்ததால் தன் நூலில் மறுபதிப்புச் செய்யவில்லை என்று ஃபிஷரே குறிப்பிடுகிறார். பதிலாக அவர் புது வடிவில் போட்ட அட்டவணைகளில் 0.10, 0.05, 0.02, 0.01 என்று சில நிகழ்தகவுகள் மட்டும் தலைப்பில் நின்றன. கணினி இல்லாத காலம். கையால் கணக்குப் போட்டு முடித்த ஆய்வாளர் அட்டவணையைத் திறந்து, 0.05 என்ற கட்டத்து எண்ணைத் தன் எண் தாண்டிவிட்டதா என்று மட்டும் பார்த்தார். தாண்டியது, தாண்டவில்லை. அந்தப் புத்தக அமைப்பு மெல்ல மெல்லச் சிந்திக்கும் விதமாகவே மாறிவிட்டது.

அடுத்த ஆண்டு, 1926-இல், வயல் பரிசோதனைகளை அமைப்பது பற்றி பிரிட்டிஷ் வேளாண் அமைச்சக இதழில் ஃபிஷர் எழுதிய கட்டுரையை, பி மதிப்பைத் தொடும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பேன். இருபதில் ஒன்று போதாது என்று தோன்றினால் ஐம்பதில் ஒன்றோ நூறில் ஒன்றோ வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஐந்து சதவீதம் சரியாக வருகிறது என்கிறார். உடனே நிபந்தனை: சரியாக வடிவமைத்த பரிசோதனையைச் செய்யும்போதெல்லாம் அநேகமாகத் தவறாமல் இந்த எல்லை தாண்டப்பட்டால்தான் ஒன்றை அறிவியல் உண்மை என்று நிலைநாட்டியதாகக் கொள்ள வேண்டும். அதாவது ஒரு முறை கோட்டைத் தாண்டியது, ‘இதைக் கவனி, மறுபடி செய்து பார்’ என்பதற்கான சைகை மட்டுமே. பண்ணையில் அடுத்த பருவம் தானாக வரும், மறுபடி விதைக்கலாம். அந்த மண்ணில் பிறந்த எண் அது.

1933-இல் ஜெர்சி நெய்மனும் கார்ல் பியர்சனின் மகன் எகோனும் வேறொரு கோட்பாட்டைக் கொண்டுவந்தார்கள். இல்லாததை இருப்பதாகச் சொல்லும் பிழை, இருப்பதை இல்லை என்று சொல்லும் பிழை. இரண்டுக்கும் எவ்வளவு இடம் கொடுப்பது என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டு இறங்க வேண்டும் என்றார்கள். ஃபிஷருக்கு இது பிடிக்கவில்லை. 1962-இல் அடிலெய்டில் இறக்கும்வரை அவர்களோடு மோதினார். எல்லாச் சூழ்நிலைக்கும் ஒரே எல்லையை எந்த ஆய்வாளரும் வைத்துக்கொள்வதில்லை என்று 1956-இல் அவரே எழுதினார். அதற்குள் காரியம் கைமீறியிருந்தது. பாடநூல் எழுதியவர்கள் இரு தரப்பையும் ஒன்றாகக் கலந்து, சண்டை நடந்த சுவடே தெரியாமல், மாணவர்களுக்கு ஒரே சமையல் குறிப்பாகக் கொடுத்துவிட்டார்கள்.

இந்தியாவுக்கு ஃபிஷரின் முறை விரைவிலேயே வந்தது. பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் 1931-இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1938 ஜனவரியில் அங்கே நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்கு ஃபிஷர் வந்தார். சி. ஆர். ராவ் கேம்பிரிட்ஜில் அவரிடம் முனைவர் பட்டம் பெற்றார். பான்சேயும் சுகாத்மேயும் 1954-இல் வெளியிட்ட, வேளாண் ஆய்வாளருக்கான புள்ளியியல் நூல் நாடெங்கும் வேளாண் மாணவர்களுக்குப் பாடமானது. கோயம்புத்தூரில் ஒரு வேளாண் ஆய்வேட்டைத் திறந்தாலும் அட்டவணையின் கடைசி வரிசையில் சி.டி. (தற்செயல் அல்ல என்று கொள்ளத் தேவையான குறைந்தபட்ச வித்தியாசம்) என்று போட்டுப் பக்கத்தில் 0.05 நிற்கும். ராதம்ஸ்டெட்டின் நேர் வாரிசு அந்த வரிசை.

பயிர் ஆய்வில் இந்த எண் பெரும்பாலும் அடக்கமாகவே இருந்தது. ஒரே பரிசோதனையைப் பல இடங்களில், பல பருவங்களில் செய்யும் வழக்கம் அதைக் காப்பாற்றியது. மறுபடி செய்து பார்க்கும் வழக்கமே இல்லாத துறைகளுக்குப் போனபோதுதான் கெட்டது. 1959-இல் தியோடர் ஸ்டெர்லிங் நான்கு உளவியல் இதழ்களை எடுத்துப் பார்த்தார். பி மதிப்புச் சோதனையைப் பயன்படுத்திய 294 கட்டுரைகளில் 286 கோட்டைத் தாண்டியிருந்தன. உலகில் செய்யும் ஆய்வெல்லாம் வெற்றியடைவதில்லை; தோற்றவை அச்சுக்கு வரவில்லை, அவ்வளவுதான். இருபது குழுக்கள் ஒரு பயனற்ற மருந்தைச் சோதித்தால் சராசரியாக ஒரு குழுவுக்கு நட்சத்திரம் விழும். அந்த ஒன்று அச்சாகும். பத்தொன்பது இழுப்பறைக்குப் போகும். படிப்பவருக்கு அந்தப் பத்தொன்பதும் நடந்ததே தெரியாது.

ஒரே ஆய்வாளரே இருபது குழுக்களின் வேலையையும் செய்துவிட முடியும் என்பது இன்னும் மோசம். ஆண், பெண், இளையவர், முதியவர், சர்க்கரை உள்ளவர், இல்லாதவர் என்று தரவைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது சோதனைகள் செய்தால், எதுவுமே இல்லாத இடத்திலும் ஒன்றாவது கோட்டைத் தாண்ட 64 சதவீதம் வாய்ப்பு. 1988-இல் லான்செட் இதழில் வந்த ஐசிஸ்-2 என்ற மாரடைப்பு ஆய்வு இதற்கு அருமையான சாட்சி. 17,187 நோயாளிகள், ஆஸ்பிரின் உயிர் காக்கிறது என்பதை ஐயமின்றிக் காட்டிய ஆய்வு. ஆனால் எந்தெந்தப் பிரிவினருக்குப் பயன் என்று உடைத்துக் காட்டும்படி இதழ்த் தரப்பில் கேட்டார்கள். உடைத்தால் பொய் வரும் என்று அறிந்த ஆய்வாளர்கள், பிறந்த தேதிப்படியான மேற்கத்திய ராசியையும் ஒரு பிரிவாகச் சேர்த்தார்கள். மிதுனத்திலும் துலாமிலும் பிறந்தவர்களுக்கு ஆஸ்பிரினால் பயன் இல்லை, சற்றே கெடுதல் என்றுகூட எண்கள் காட்டின. மற்ற ராசிக்காரர்களுக்கெல்லாம் பெரும் பயன்! ராசி என்றதும் யாருக்கும் புரிந்துவிடுகிறது. வயது, எடை, நோயின் கடுமை என்று அதே வேலையைச் செய்தால் நம்பிவிடுகிறோம்.

நம்பியதற்கு நோயாளிகள் விலை கொடுத்த சம்பவமும் உண்டு. நுரையீரல் தழும்பேறும் கொடிய நோய் ஒன்றுக்கு ஆக்டிம்யூன் என்ற ஊசியை அமெரிக்காவின் இன்டர்மியூன் நிறுவனம் 330 பேரிடம் சோதித்தது. முன்கூட்டியே அறிவித்த இலக்கு எட்டப்படவில்லை. பிறகு தரவைப் பிரித்தார்கள். நோய் லேசாகவும் நடுத்தரமாகவும் இருந்தவர்களில் இறப்பு 70 சதவீதம் குறைந்தது என்று 2002 ஆகஸ்டில் செய்தி வெளியிட்டார்கள். உயிர் பிழைக்க வழி தேடியவர்கள் அந்தச் செய்தியைப் பிடித்துக்கொள்வார்கள் அல்லவா? அப்படிப்பட்ட நோயாளிகளை வைத்தே நடந்த அடுத்த பெரிய ஆய்வு, பயன் தெரியவில்லை என்று 2007-இல் நிறுத்தப்பட்டது. செய்தி வெளியானபோது நிறுவனத்தின் தலைவராக இருந்தவரை 2009-இல் நீதிமன்ற நடுவர் குழு மோசடிக் குற்றவாளி என்றது. அந்தச் செய்திக் குறிப்பில் இருந்த எண்கள் எதுவும் பொய்யல்ல. எந்த வரிசையில் பிறந்தவை என்பதுதான் மறைக்கப்பட்டது.

பெரும்பாலோர் மோசடிக்காரர்கள் அல்லர் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2011-இல் சிமன்ஸ், நெல்சன், சைமன்சன் என்ற மூன்று உளவியலாளர்கள், அன்றாடம் எல்லோரும் செய்யும் சின்னச் சின்னச் சலுகைகளை மட்டும் கையாண்டு காட்டினார்கள். முடிவு பிடிக்காவிட்டால் இன்னும் சிலரைச் சேர்ப்பது, அளந்தவற்றில் நன்றாக வந்ததை மட்டும் சொல்வது, ஏதாவது ஒரு காரணியைக் கணக்கில் சேர்ப்பது, ஒரு பிரிவை விட்டுவிடுவது. நான்கையும் சேர்த்தால் 5 சதவீதமாக இருக்க வேண்டிய பொய் வெற்றி 61 சதவீதமாகிறது. அதே உத்திகளால், பீட்டில்ஸ் குழுவின் ஒரு பாட்டைக் கேட்ட மாணவர்களுக்கு ஒன்றரை வயது குறைந்தது என்று பி = 0.040-உடன் நிரூபித்தார்கள். மனநிலை அல்ல, பிறந்த தேதிப்படியான வயதே குறைந்ததாம்! 2015-இல் நூறு உளவியல் ஆய்வுகளைப் பலர் சேர்ந்து மறுபடி செய்தபோது, முதலில் 97 சதவீதம் தாண்டிய கோட்டை 36 சதவீதமே தாண்டின. ஃபிஷரின் நிபந்தனையை அன்றைக்குத்தான் அந்தத் துறை பெரிய அளவில் கையில் எடுத்தது, தொண்ணூறு ஆண்டுகள் தாமதமாக.

1839-இல் தொடங்கிய அமெரிக்கப் புள்ளியியல் சங்கம், புள்ளியியல் நடைமுறை ஒன்றைக் குறித்து முதன்முறையாக 2016-இல் அறிக்கை விட்டது. கோட்டைத் தாண்டியதா என்பதை மட்டும் வைத்து அறிவியல் முடிவையோ அரசுக் கொள்கையையோ எடுக்கக் கூடாது என்றது. கோட்டை 0.005-க்கு நகர்த்தச் சொன்னார்கள் சிலர். கோடே வேண்டாம் என்றார்கள் வேறு பலர். என் நம்பிக்கை இரண்டிலும் இல்லை. கோடு எங்கே இருந்தாலும், தரவைப் பார்த்த பிறகு கேள்வியை மாற்றிக்கொள்ளும் வழி திறந்திருக்கும்வரை அதைத் தாண்டிவிடலாம். அடைக்க வேண்டியது அந்த வழியைத்தான்.

அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் பணம் கொடுத்த பெரிய மருந்து, ஊட்டச்சத்து ஆய்வுகளை ராபர்ட் கப்ளானும் வெரோனிகா இர்வினும் 2015-இல் தொகுத்தார்கள். எதை அளக்கப்போகிறோம் என்பதைத் தொடங்கும் முன்பே பொதுவில் பதிவுசெய்வது 2000-இல் வழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் வெளியான 30 ஆய்வுகளில் 17 பயன் கண்டதாகக் கூறின. பிறகு வந்த 25-இல் அப்படிச் சொன்னவை 2.

இந்தியாவில் இப்படி முன்கூட்டியே பதிவதற்கான பதிவேடு 2007-இல் தொடங்கியது. 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகளை அதில் பதிவது கட்டாயமானது. 2018 ஏப்ரல் முதல், தொடங்கிவிட்ட ஆய்வுகளைப் பின்தேதியில் ஏற்பதில்லை. சென்னையிலோ வேலூரிலோ மதுரையிலோ நடக்கும் சோதனையானாலும் முதன்மை இலக்கு என்ன, எத்தனை பேர், எந்தத் தேதியில் பதிவானது என்பதை இணையத்தில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஒரு மருந்தைப் பற்றி ‘ஆய்வில் நிரூபணம்’ என்று செய்தி வந்தால் அங்கே போய், பதிவில் எழுதிய இலக்கும் செய்தியில் கொண்டாடும் இலக்கும் ஒன்றுதானா என்று பத்திரிகையாளர்கள் பார்க்க வேண்டும். கால் மணி நேர வேலை.